விண்மீனும் மக்கள் நம்பிக்கையும்

மக்கள் தம் உள்ளத்தில் எழும் நுண்பொருள்களுக்குப் புறத்தே ஒரு வடிவு தேடிக்கொள்ளுதல் இயல்பு. அறிவுக்கு விளக்கும், நிலையாமைக்கு நீர்க்குமிழியும் குறிகளாயினமை போல, நம்பிக்கைக்கு விண்மீன் குறியாயிற்று. இக்குறி ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ உரியதன்று. கடலில் திசை தப்பிய மீகாமனும், பாலையில் வழி தப்பிய வணிகனும், சிறையில் நாளெண்ணும் கைதியும் ஒரே வானத்தையே அண்ணாந்து நோக்கினர். இக்காலத்து மேனாட்டு ஓவியரும் திரைப்படக் கலைஞரும் இக்குறியை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகின்றனர். அவர் செய்தவற்றுட் சிலவற்றை முன்வைத்து, விண்மீனை நம்பிக்கைக்குக் குறியாகக் கொள்ளுதல் தகுமா, அன்றி அது மனத்தின் மயக்கமேயா என்பது ஈண்டு ஆராயப்படும்.

ஆராயப் புகுமுன் எதிர்வழக்காடுவோர் கூற்றைக் கேட்டல் முறை. அவர் கூறுவதாவது: விண்மீன் சடப்பொருள், எரிந்து ஒளிரும் வாயுத்திரள். ஞாயிற்றை நீக்கினால், புவிக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் ஒளியும் இங்கு வந்து சேர 4 ஆண்டுக்கு மேற் செல்லுகின்றது. அஃது ஒருவன் அழுவதையும் அறியாது. அழுகை ஓய்ந்ததையும் அறியாது. அறியாப் பொருள் ஆறுதல் கூறுமோ? கூறாதிருக்கவும் கூறியதாகக் கொள்ளுதல் கானலை நீரென்று கொள்ளுதல் போலாம். கானல் தாகத்தைத் தணியாததோடு நில்லாது, அருகே கிணறு தோண்டும் முயற்சியையும் கெடுத்துவிடும். வானத்தைப் பார்த்து நிற்பவன் காலடியில் வீழ்ந்து கிடப்பவனைக் காணான். ஆதலின் விண்மீன் நம்பிக்கைக்குக் குறியன்று. நம்பிக்கை இன்மையை மறைக்கும் திரையே என்பர். இவ்வழக்கு வலியுடையது, எளிதிற் றள்ளத்தக்கதன்று.

நம்பிக்கை என்னுஞ் சொல்லையே முதற்கண் நோக்குக. தொல்காப்பியனார் உரியியலில் ‘நம்பு’ என்னும் உரிச்சொற்குப் பொருள் கூறுங்கால் நசை என்றே கூறினார். நசையாவது விருப்பம். தேறுதல் என்னும் பொருள் இன்றைய வழக்கில் மேலோங்கி நிற்கின்றது. ஆகவே ஒரு சொல்லின் வரலாற்றுக்குள்ளேயே மனத்தின் நிலைகள் இரண்டு உள. ‘இஃது எனக்குக் கிடைக்கும்’ என்று ஒன்றனை அவாவி நிற்றல் ஒன்று. கிடைப்பினும் கிடையாதொழியினும், ‘இது மெய், இதனைப் பற்றி நிற்கலாம்’ என்று தேறி நிற்றல் மற்றொன்று. முன்னதற்குப் பயன் வேண்டும். பயன் தாழ்த்தால் அது மெலியும். பின்னது பயனை நோக்கி நிற்பதன்று. சிவபெருமானுக்கு நம்பன் என்னும் திருப்பெயர் வழங்குதலையும், அதன்கண் விரும்பப்படுவோன், தேறப்படுவோன் என்னும் இருபொருளும் ஒருங்கு இயைதலையும் அன்பர்கள் அறிவர்.

விண்மீன் இவ்விரண்டனுள் எதற்குக் குறி என்பதே வினா. முன்னதற்குக் குறியாகக் கொள்ளுவோர் எந்நாட்டினும் மலிந்துள்ளனர். பிறந்த நாளின் மீன் செல்வந் தரும் என்று மகிழ்வோரும், கெடுதி தரும் என்று நடுங்குவோரும் அவரே. சைவர்க்கு இதன்கண் ஐயமிருத்தற்கு இடமில்லை. பாண்டிமாதேவியார் அழைப்பை ஏற்றுத் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுங்கால், கோள்நிலை நன்றன்று என்று திருநாவுக்கரசு சுவாமிகள் தடுத்தபோது, திருஞானசம்பந்த சுவாமிகள் அருளியது கோளறு திருப்பதிகம். அஞ்சத்தகாத பொருளிடத்து வரம் வேண்டுதலுந் தகாது என்பது அதனாற் பெறப்படும். ஆகவே அவாவின் குறியாகிய விண்மீனை எதிர்வழக்காடுவோரோடு சேர்ந்து சைவரும் தள்ளுவர். எஞ்சி நிற்பது தேற்றத்தின் குறியாகிய விண்மீன். அஃது உளதா என்பதை அக்கலைஞர் கைப்படைப்புக்களில் தேடுக.

இத்துறையிற் பேசுவோர் பெரும்பாலும் வின்சென்ட் வான்கோவிலிருந்தே தொடங்குவர். ஒல்லாந்திற் பிறந்த அவ்வோவியர், 1889ஆம் ஆண்டில் பிரான்சுநாட்டின் தென்பகுதியிலுள்ள சான்-ரெமி என்னும் ஊரின் மனநோய் விடுதியிற் சேர்ந்திருந்தார். அவர் படுக்கையறைச் சாளரத்துக்கு இரும்புக் கம்பிகள் உண்டு. அச்சாளரத்தின் வழியே ஞாயிறு எழுமுன் கண்ட வானத்தைப் பகற்பொழுதில் நினைவினின்றும் எழுப்பித் தீட்டியதே ‘விண்மீன் நிறைந்த இரவு’ என்று உலகம் போற்றும் ஓவியம். 1941 முதல் அது நியூயார்க்கு நகரத்து நவீனக் கலைக் காட்சிச்சாலையில் இருந்துவருகின்றது. அதனைத் தீட்டியவர் அதனைப் பெரிதாக மதித்திலர். விண்மீன்களை மிகப் பெரியவாக எழுதி மறுபடியும் தோற்றதாக அவ்வாண்டின் இறுதியில் நண்பரொருவர்க்கு எழுதினார்.

அதற்கு முந்திய ஆண்டில் அவர் தம் தம்பிக்கு எழுதிய கடிதமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. நிலப்படத்தில் ஊர்களைக் குறிக்கும் கரும்புள்ளிகள் தம்மைக் கனவிற் செலுத்துவதுபோலவே விண்மீன்களும் செலுத்துகின்றன என்றும், புகைவண்டியேறி ஓரூர் அடைவதுபோல இறப்பின்மீதேறி ஒரு விண்மீனை அடையலாம் என்றும் அதில் எழுதியுள்ளார். 1890 ஜூலையில் அவர் துப்பாக்கிக் காயத்தால் மாண்டார். ‘நம்பிக்கையின் குறியைத் தீட்டியவரையே அது காத்திலதே’ என்று எதிர்வழக்காடுவோர் ஈண்டு எழுவர். அவர் கடிதத்தையும் ஓவியத்தையும் ஒன்றாகக் கொண்டமையால் வந்த மயக்கம் அது. கடிதத்தின் விண்மீன் புவியை விட்டுப் போய்ச் சேரவேண்டிய இடம். ஓவியத்தின் விண்மீன் அத்தகையதன்று. ஓவியத்தின் அடியில் ஒரு சிற்றூர் இருக்கின்றது. அவ்வூர் சாளரத்தினின்று புலப்படாதது. ஓவியர் தாமே கொணர்ந்து அமைத்தது. அதன் வீடுகளில் விளக்கொளி மஞ்சள் நிறமாய்த் தெரிகின்றது. வானத்து ஒளியும் வீட்டு ஒளியும் ஒரே வண்ணத்தினவாய் நிற்கின்றன. கடிதத்தினும் ஓவியமே மெய்யுணர்வு மிக்கது.

இக்குறி எக்காலத்தும் தூயதாய் நின்றதுமன்று. ஒரு குறியை மக்கள் கெடுத்தால் அது எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு ஜெர்மனியின் வரலாறு சான்று. 1941 செப்டம்பர் மாதத்தில், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் யாவரும் மஞ்சள் நிற விண்மீன் ஒன்றைத் தம் ஆடையிற் றைத்துக்கொண்டே வெளிவரவேண்டும் என்று நாஜி அரசு ஆணையிட்டது. தம் முன்னோர் வழிவழி மதித்த வடிவமே அவர்க்குச் சாவின் முத்திரையாயிற்று.

அந்நாட்டிலே 1945 மார்ச்சு மாதம், போர் முடியுந் தறுவாயிற் பிறந்தவர் ஆன்சல்ம் கீஃபர் என்னும் ஓவியர். அவர் 1997இல் தீட்டிய பேரோவியம் ஒன்று ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரத்துக் குகன்ஹைம் காட்சிச்சாலையில் உள்ளது. வெடிப்புற்ற வறுநிலத்தில் ஒரு மனிதன் மல்லாந்து கிடக்கின்றான். மேலே படத்தின் பெரும்பகுதி முழுதும் கருவானமும் விண்மீன்களும். அவன் உறங்குகின்றானா, மாண்டானா, வியந்து நோக்குகின்றானா என்பது தெரியுமாறில்லை. அவருடைய வேறு சில விண்மீன் ஓவியங்களில், மீன்களின் அருகே வானநூலார் இட்ட எண்கள் எழுதப்பட்டுள்ளன. நோக்குவோர் பலர்க்கு அவ்வெண்கள், ஆஷ்விட்சு முகாமில் கைதிகளின் முன்கையிற் பச்சை குத்தப்பட்ட எண்களை நினைவூட்டின. எண்ணப்படுதல் விண்மீனுக்குப் பெருமை. மனிதனுக்கு அதுவே பெயரிழந்தமைக்கு அடையாளம். கீஃபருடைய வானத்தில் ஆறுதல் எளிதிற் கிட்டாது. எனினும் அவர் வானத்தைத் தீட்டுதலை விட்டாரல்லர். ஒவ்வொரு செடிக்கும் வானத்தில் ஒத்த விண்மீன் ஒன்று உண்டு என்று கருதிய ராபர்ட் ஃபிளட் என்னும் பழைய ஆங்கில மருத்துவரின் கொள்கை அவர்க்கு மிக உவப்பாயிற்று. மண்ணில் முளைப்பதற்கும் வானத்தில் மிளிர்வதற்கும் தொடர்பு கற்பிக்கும் அக்கொள்கையை, பிணங்கள் புதைந்த மண்ணிற் பிறந்த ஒருவர் தேடிப் பற்றியது வியப்பன்று.

லாத்வியா நாட்டு ரீகா நகரிற் பிறந்து, 1944இற் போருக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஓடி, 1948இல் அமெரிக்கா சேர்ந்த வியா செல்மின்சு என்னும் பெண்மணியும் இரவு வானத்தையே பல்லாண்டு எழுதியவர். அவர் கரிச்சித்திரங்களில் ஒரு நுட்பம் உண்டு. தாள் முழுதும் கரியைப் பூசிப் பின்னர் அழிப்பானால் அழிக்குமிடங்களே விண்மீன்களாகின்றன. ஒளி புதிதாக வைக்கப்படுவதன்று. இருள் நீங்கிய இடத்தில் முன்னரே இருந்த வெண்மை வெளிப்படுகின்றது. ஆணவ மறைப்பு நீங்க உயிரின் அறிவு விளங்குதலைப் பயின்றோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. அவ்வம்மையார் அக்கருத்தைக் கொண்டு எழுதினார் என்பது இதன் பொருளன்று.

இனி, நம்பிக்கை தருவதற்கென்றே மனிதர் வானத்தில் ஏற்றிய ஒரு மீனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2018 ஜனவரி 21ஆம் நாள் நியூசிலாந்து நாட்டு மாகியா தீபகற்பத்திலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று, ஏறத்தாழ ஒரு மீட்டர் குறுக்களவும் 65 பளபளப்பான முகங்களும் உடைய ஓர் உருண்டையை விண்ணிற் சேர்த்தது. ஞாயிற்றொளியை மின்னி மின்னித் திருப்புதலே அதன் தொழில். வேறு கருவியொன்றும் அதன்கண் இல்லை. அதற்கு ‘மானிட விண்மீன்’ என்று பெயர். ஏவியவர் ராக்கெட் லாப் என்னும் கம்பெனியை நிறுவிய பீட்டர் பெக். உலகோர் யாவரும் ஒரே ஒளியை மேல்நோக்கித் தம் சிறுமையையும் ஒருமையையும் உணரவேண்டும் என்பது அவர் கருத்து. வானநூலாரோ, தம் ஆராய்ச்சிக்கு வானத்தின் இருளே முதலாயிருக்க அதனைக் கெடுக்கும் செயல் இது என்று கடிந்தனர். ஒன்பது மாதம் நிற்கும் என்று கருதப்பட்ட அவ்வுருண்டை இரண்டே மாதத்தில், மார்ச்சு 22ஆம் நாள், காற்றுமண்டலத்தில் வீழ்ந்து எரிந்தது.

பீட்டர் பெக்கின் கருத்து தீயதன்று. ஆயினும் அவர் செயலின் குறை யாது என்று ஓர்தல் வேண்டும். அது செயற்கை என்பது குறையாகாது; மலைமேல் ஏற்றும் கார்த்திகைத் தீபமும் மனிதர் கைவினையே, வான்கோவின் மீன்களும் வண்ணப் பசையே. விரைந்து அழிந்தது என்பதும் குறையாகாது. தீபமும் அணையும். குறை யாதெனின், அஃது ஒருவர்க்கு உரிய பொருளாயிருந்தமையே. விண்மீனின் தனிச்சிறப்பு அது யார்க்கும் உரியதன்று என்பதில் உள்ளது. ஒருவர் அதனைத் தர இயலாது. தராமல் நிறுத்தவும் இயலாது. அரசன் ஆணை அதன்மேற் செல்லாது. வணிகன் விலை அதன்மேல் ஏறாது. பிறர் கொடுக்கும் நம்பிக்கை பிறரால் மீட்டுக்கொள்ளப்படும். கொடுப்பாரும் மீட்பாரும் இன்றி நிற்கும் பொருளே தேற்றத்துக்குக் குறியாதல் இயலும்.

அற்றேல், அவ்விண்மீனும் அழிவதன்றோ என்னும் ஆசங்கை எழும். எழுதலும் நன்றே. ஸ்காட்லாந்து நாட்டுக் கேட்டி பாட்டர்சன் என்னும் கலைஞர், மக்கள் அறிவுக்கு அதுவரை எட்டிய இறந்த விண்மீன்கள் ஏறத்தாழ 27,000இன் இடங்களையும் ஒரு கரிய உலோகத் தகட்டிற் பொறித்து 2009இற் காட்சிக்கு வைத்தார். ஒரு விண்மீன் இறந்ததென்று தமக்குச் செய்தி வருந்தோறும் இரங்கற் கடிதம் ஒன்று எழுதி அனுப்புதலையும் அவர் ஒரு கலைச்செயலாகச் செய்தார். வேடிக்கையாகத் தோன்றும் இச்செயலில் ஓர் உண்மை உண்டு. எத்துணைப் பெரிய ஒளிக்கும் முடிவு உண்டு என்பது அது. ஆயின், ‘இரவிற் காணும் மீன்கள் பெரும்பாலும் எப்போதோ இறந்தவை, அவற்றின் பழைய ஒளியே இன்று தெரிகின்றது’ என்று கவிஞரும் சொற்பொழிவாளரும் கூறித்திரிவது ஏற்புடையதன்று. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மீன்களின் ஒளி பெரும்பாலும் சில ஆண்டு முதல் சில ஆயிரம் ஆண்டுக்குள் வந்து சேர்வது. அவற்றின் வாழ்நாளோ பல இலட்சம், பல கோடி ஆண்டு. ஆதலின் காணப்படுவன ஏறக்குறைய யாவும் இன்றும் எரிந்துகொண்டிருப்பனவே. அழகிய பொய்யினும் இம்மெய்யே கொள்ளத்தக்கது.

இறுதியை நெருங்கும் விண்மீன்களுள் ஒன்று சைவர்க்கு மிக நெருங்கியது. மேனாட்டார் பெத்தல்கியூசு என்று வழங்கும் செம்மீனே திருவாதிரை. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் இயல்பான ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உடையதாய்க் குன்றியது. அஃது இப்பொழுதே வெடித்துச் சிதறுமோ என்று உலகெங்கும் பேச்செழுந்தது. பின்னர் மறுபடியும் ஒளி பெற்றது. அம்மீனினின்று வெளிப்பட்ட தூசுப்படலம் ஒளியை மறைத்ததே காரணம் என்று 2021இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். எனினும் வருகின்ற 1,00,000 ஆண்டுக்குள் அது வெடித்து ஒழியும் என்பது அவர் கணக்கு. அங்ஙனம் ஒழிந்தபின் மார்கழித் திருவாதிரை என்னாம்? தில்லைக் கூத்தன் தரிசனத்துக்கு நாள் இலதாகுமோ? ஆகாது. மீன் அழிந்தாலும் அதன் இடம் வானத்தில் உண்டு. மதி அவ்விடத்தை வழக்கம்போல அணுகும். மீன் குறித்த பொருள் மீனோடு அழிவதன்று. குறி அழியுந் தன்மையது என்று அறிந்தே குறியைக் கொள்ளுதல் மயக்கமன்று; குறியையே பொருளென்று கொள்ளுதல் மயக்கம்.

இதனை நம்மவர் நூல்வழக்கில் ஒரு நியாயத்தால் விளக்குவர். மணமக்களுக்கு அருந்ததி காட்டுங்கால், கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத அச்சிறு மீனை முதலிற் காட்ட முயலார்; அருகேயுள்ள பெரிய மீன் ஒன்றைச் சுட்டி, ‘அதுவே அருந்ததி’ என்று அதன்கண் பார்வையை நிறுத்துவித்து, பின்னர் ‘அதன்று, அதனருகே உள்ள இது’ என்று காட்டுவர். தூலாருந்ததி நியாயம் என்பது இதன் பெயர். முதற் காட்டியது பொய்யோ எனின், அன்று. அஃது இன்றி இரண்டாவதைக் கண்டிரார். இறுதிப் பொருளோ எனின், அதுவும் அன்று. அதனிலே நின்றுவிட்டால் அருந்ததி தெரியாது. விண்மீனை நம்பிக்கைக்குக் குறியாகக் காட்டும் கலைக்கும் இந்நியாயமே அளவுகோல். நோக்கியவனை விண்மீனிலேயே நிறுத்திவிடும் கலை பாதிவழியில் விட்டுப்போகும் வழிகாட்டி போன்றது. அங்கிருந்து அவன் பார்வையை வேறொன்றன்மேற் செலுத்தும் கலையே தன் தொழிலை முடித்தது. அவ்வேறொன்று யாது? முன்னர் எதிர்வழக்காடுவோர் கூறிய, காலடியில் வீழ்ந்து கிடப்பவன் ஈண்டு மீண்டும் வருகின்றான்.

இவ்விரண்டு பார்வையும், அதாவது மேலே விண்மீனை நோக்குவதும் கீழே மண்ணை நோக்குவதும், ஒரே இடத்தில் எதிர்ப்பட்ட கதையைத் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுத் திரைப்படம் ஒன்று கூறுகின்றது. பத்ரீசியோ குஸ்மான் என்பவர் எடுத்து 2010இல் வெளியிட்ட அதற்கு ‘ஒளியின்மேல் ஏக்கம்’ என்னும் பொருள்படப் பெயர். கதாபாத்திரங்களைப் புனைந்து எடுத்த படமன்று. உள்ளவரை உள்ளபடியே பேசவைத்து எடுத்தது. அதன் களம் அத்தகாமா பாலைவனம். உலகில் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று அது. காற்றில் ஈரமில்லாமையால் அங்கு வானம் மிகத் தெளிவு; ஆதலின் பல நாட்டு வானநூலார் அங்கே தொலைநோக்கிகளை நிறுவியுள்ளனர். அதே வறட்சியால் அங்கு மண்ணிற் புதைந்தவை விரைவில் மட்குவதில்லை. மேலே ஒளியைக் காத்துத் தருவதும், கீழே எலும்பைக் காத்து வைப்பதும் ஒரே வறட்சிதான்.

எலும்புகள் அங்கு வந்த வரலாறு பின்வருமாறு. 1973 செப்டம்பர் 11ஆம் நாள் அந்நாட்டுப் படைத்தலைவர் மக்கள் தேர்ந்த ஆட்சியைக் கவிழ்த்தனர். பினோசே என்னும் தளபதியின் ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டும் காணாமற்போக்கப்பட்டும் ஒழிந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாள் கலாமா என்னும் பாலைநில நகரில் மட்டும் கைதிகள் 26 பேர் கொல்லப்பட்டுப் பாலையிற் புதைக்கப்பட்டனர். பின்னர்ப் படையினர் அவ்வுடல்களையும் தோண்டியெடுத்து வேறிடத்துக்கு அகற்றினர். இறந்தோரின் மனைவியரும் உடன்பிறந்தாரும் சிறு மண்வெட்டிகளைக் கையிற் கொண்டு, பல ஆண்டு அப்பாலையைச் சாண் சாணாகத் துழாவினர். 1990இற் சில எலும்புத் துண்டுகள் கிடைத்தன. ஓர் அம்மையாருக்குத் தம் உடன்பிறந்தானுடைய ஒரு பாதமும் சில துண்டுகளுமே கிடைத்தன.

அதே பாலையில் சகபூகோ என்று ஓரிடம் உண்டு. முன்னர் வெடியுப்பு எடுத்த தொழிலாளர் வாழ்ந்து பின் பாழ்பட்ட ஊர். 1973இன் இறுதியிற் படையினர் அதனைச் சிறைமுகாமாக்கினர். குடில்கள் முன்னமே இருந்தமையால் முட்கம்பி வேலியிடுதலே அவர் செய்ய வேண்டியிருந்தது. அங்கு அடைபட்டோருள் வானநூற் பயிற்சியுடைய ஒருவர் இருந்தார். அவர் பகலில் ஒரு சிறு கூட்டத்துக்கு அந்நூலைக் கற்பித்தார். இரவில் வெளியே நின்று மீன்கூட்டங்களை இன்னின்னவென்று காட்டினார். கிடைத்த பொருள்களைக் கொண்டு, மீன்களின் இடம் அறிதற்கு ஒரு சிறு கருவியும் செய்துகொண்டனர். அவருள் ஒருவர் முதியவராய் அப்படத்தில் தோன்றி, வானத்தை நோக்கி நின்ற அவ்வேளையில் தாம் அடைபட்டவர் என்னும் எண்ணமே நீங்கியிருந்தது என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். சிறிது காலத்தில் காவற்படையினர் அப்பாடத்தைத் தடுத்துவிட்டனர். கைதிகள் விண்மீன்களை வழியாகக் கொண்டு பாலையிலே தப்பியோடுவர் என்று அவர் அஞ்சினராம்.

இச்சிறு நிகழ்ச்சியில் பல பொருள் அடங்கியுள. படைவீரர் விண்மீனை முதல்வகை நம்பிக்கையின் குறியாகவே கண்டனர். தப்புதற்குக் கருவி, கைக்குப் பயன். கைதிகளுக்கோ அது தப்புதற்கு வழியாகவில்லை. அவர் உள்ளே இருந்துகொண்டே விடுதலை எய்தினர். வெளியே ஒன்றும் மாறிற்றிலது; வேலியும் காவலும் முன்போலவே இருந்தன. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று சித்தாந்த நூல்கள் கூறும். வேலியைச் சார்ந்து நின்றபோது வேலியின் அளவாய்ச் சுருங்கிய அவர் அறிவு, வானத்தைச் சார்ந்தபோது வானத்தின் அளவாய் விரிந்தது. பாடத்தைத் தடுத்த படையினர் மீனைத் தடுக்க இயலாமையையும் ஓர்க. கம்பெனி ஏற்றிய மீனுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கே வெளிப்படை.

ஆயினும் கைதிகள் எய்திய இவ்விடுதலை தம்மளவில் நிற்பது. மண்ணைத் துழாவும் பெண்டிர்க்கு விண்மீன் என் செய்யும்? படத்தின் உயிர்நிலை இவ்வினாவே. வானநூலார் ஒருவர் அதில் நேர்மையோடு பேசுகின்றார். தாமும் அப்பெண்டிரும் ஒருபடியாகச் சென்றகாலத்தையே தேடுவோர். எனினும் தாம் தேடிய பின்னர் இரவில் அமைதியாய் உறங்குவதாகவும், அப்பெண்டிர்க்கு அவ்வுறக்கம் இல்லை என்றும் அவர் கருத்துரைக்கின்றார். பெண்டிருள் ஒருவரோ, இத்தொலைநோக்கிகள் வானத்தை மட்டும் நோக்காமல் மண்ணையும் ஊடுருவி நோக்கித் தம்மவரைக் காட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று விரும்புகின்றார். இவ்விருப்பத்தைக் கேட்டபின் வானநூலின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருத்தல் எவர்க்கும் கூசும். அறியாமையால் எழுந்த விருப்பமும் அன்று அது. மனிதர் எலும்பிலுள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து, பண்டை விண்மீன்களின் வயிற்றில் விளைந்தது என்பதை வானநூலாரே அப்படத்தில் விளக்குகின்றனர். வானத்தில் அவர் தேடும் பொருளும் மண்ணில் இவர் தேடும் பொருளும் ஒன்றே. ஒன்றுக்குக் கருவியும் பொருளும் அரசுகள் அளவின்றி ஈந்தன. மற்றொன்றுக்குப் பெண்டிர் கையில் மண்வெட்டியே இருந்தது.

வேறோர் இளம்பெண்ணும் அப்படத்தில் தோன்றுகின்றார். அவர் குழந்தையாயிருந்தபோது பெற்றோர் இருவரும் பிடித்துச் செல்லப்பட்டு மீளாதொழிந்தனர். வளர்த்த தாத்தாவும் பாட்டியும் அவர்க்கு வானத்தை நோக்கக் கற்பித்தனர். பின்னர் அவர் வானநூலாரோடு பணிபுரிந்தார். விண்மீன் இறந்து தன் பொருளைப் பிறிதொன்றுக்கு ஈதல்போலத் தம் பெற்றோர் இறப்பும் ஒரு பெருஞ் சுழற்சியில் அடங்கியது என்று எண்ணுங்கால் துன்பம் சிறிது தணிவதாக அவர் கூறுகின்றார். எதிர்வழக்காடுவோர் இதனையே கானல் என்பர். ஆனால் அவ்வெண்ணம் அவரைப் பெற்றோரை மறக்கச் செய்ததில்லை. படமெடுக்கும் கருவிக்கு முன் அமர்ந்து அவர் கதையை உலகறியக் கூறுதற்கு வலி தந்தது. கானலைக் கண்டவன் கிணறு தோண்டான் என்று அவர் கூறினாரன்றோ? இங்கே மீனைக் கண்டவர் மண்வெட்டியைக் கீழே வைத்திலர்.

படத்தின் இறுதியில், மண்ணைத் துழாவிய அம்மையார் இருவரை வானநூலார் ஒருவர் பழைய தொலைநோக்கி ஒன்றன் அருகே அழைத்து விண்மீன்களைக் காட்டுகின்றார். ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை வைத்து நோக்குகின்றனர், முகம் மலர்கின்றது. பல ஆண்டு கீழ்நோக்கியே பழகிய கண்கள் அவை. இருதிறத்தாரும் ஒரே கருவியின் பக்கத்தில் நிற்பது படம் முழுதிலும் அவ்வொரு காட்சியிலேதான். அப்படம் வெளிவந்து 13 ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டு மாதத்தில், காணாமற்போக்கப்பட்டோராக எண்ணப்பட்ட 1,469 பேர்க்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேடி அறிதற்குச் சிலி அரசு தானே ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. அதுகாறும் தேடியவர் பெரும்பாலும் அவர் குடும்பத்தாரே.